அதிகாலை நாலு மணிக்கு உங்கள் அறை எத்தனை டிகிரி?

வளர்ப்புப் பிராணிகள் கேள்வி பதில்: இந்த இதழில் பாம்புப் பெட்டிக்குச் சூடு

டிசம்பர் பிறந்தாலே மலையகத்திலிருந்து வரும் கடிதங்களின் தொனி மாறிவிடும். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் பெட்டிக்குள் சூட்டைக் குறைப்பது எப்படி என்று கேட்பார்கள், நம்மவர்கள் ஏற்றுவது எப்படி என்று கேட்பார்கள். எல்லாக் கடிதத்தையும் போட இடமில்லை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என்னிடம் அனுமதிப் பத்திரத்தோடு வாங்கிய போல் பைதன் ஒன்று இருக்கிறது. மூன்று அடி மீன் தொட்டியில் வைத்திருக்கிறேன், அடியில் 20 வாட் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு). பகலில் பார்த்தால் 29, 30 காட்டுகிறது, விடியற்காலையில் 19க்கு இறங்கிவிடுகிறது. ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை. கடைக்காரர் இன்னும் பெரிய மேட் போடு என்கிறார், நண்பன் சிவப்பு பல்ப் போடு என்கிறான். எதை வாங்குவது?
— தினேஷ், நானுஓயா

பதில்: தம்பி, இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, தொட்டிக்குள் அல்ல, தொட்டி இருக்கும் அறையில் மூன்று நாலு இரவு வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் மீட்டர் வேண்டாம், அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். அறை இறங்கும் மிகக் குறைந்த அளவு, அதாவது அதிகாலை நாலு, ஐந்து மணிக்கு வரும் எண், அதுதான் உங்கள் ஹீட்டரைத் தீர்மானிக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் 'இத்தனை அடித் தொட்டிக்கு இத்தனை வாட்' என்ற அட்டவணை தீர்மானிப்பதில்லை. ஏனென்றால் அந்த அட்டவணைகளும், இணையத்தில் நாம் பார்க்கும் ஆங்கில வீடியோக்களும், வீட்டுக்குள்ளேயே ஹீட்டிங் இருக்கும் நாட்டுக்காரர்கள் செய்தவை. அவர்கள் அறை பனிக்காலத்திலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏற்றினால் அவர்கள் வேலை முடிந்தது. நமக்கு அப்படியா? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர், ஆண்டுச் சராசரியே 16 டிகிரி அளவுதான், ஜனவரி பெப்ரவரியில் சில காலைகளில் புல்லில் உறைபனி விழுகிறது. வீட்டில் ஹீட்டிங் கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறை என்றால் உள்ளே 12, 13 வரை இறங்கும்.

இனி பாம்பின் பக்கம். போல் பைதன் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதற்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் 25 முதல் 27, இரவிலும் 24க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி, இந்த இரண்டு முனைக்கும் நடுவில் நகர்ந்து நகர்ந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருப்பதும் தப்பு. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் பயத்தில் ஒளிந்திருக்கும் முனையிலேயே கிடக்கும், சூடு வேண்டும் என்றாலும் வராது.

இப்போது கணக்கு. உங்கள் தொட்டி 90 x 45 x 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் கண்ணாடி என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 11 வாட் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அறை 14, உள்ளே சராசரி 27 வேண்டும் என்றால் 13 டிகிரி வித்தியாசம், ஆக 140 வாட்டுக்கு மேல். மேலே கண்ணாடிக்குப் பதில் வலை மூடி என்றால் இன்னும் மோசம், சூடான காற்று நேராக மேலே போய்விடும். நீங்கள் 20 வாட் மேட்டை வைத்துக்கொண்டு இதோடு போராடுகிறீர்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புகிற கதைதான். இன்னும் பெரிய மேட் போட்டாலும் பெரிய பலன் இல்லை, மேட் என்பது தன்மேல் படுகிற பொருளைச் சூடாக்குமே தவிரப் பெட்டியின் காற்றை ஏற்றுவதில் பலவீனமானது. அடியில் 32 இருக்கும், பாம்பு மூச்சு விடுகிற காற்று 19 இருக்கும். இதுதான் நெஞ்சுச் சளிக்கு வழி.

அதனால் ஹீட்டருக்கு முன் பெட்டியை மாற்றுங்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அதே அளவுப் பெட்டி, முன்பக்கம் மட்டும் தள்ளுகிற கண்ணாடி, காற்றுக்குச் சின்ன வலைத் துவாரங்கள். வெளிப்பக்கம், முதுகு, இரண்டு பக்கவாட்டு, மேல், அடி என்று ஐந்திலும் ஒரு அங்குல ரிஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டுங்கள். வெளியே என்று சொல்வதைக் கவனியுங்கள், உள்ளே ஒட்டினால் பாம்பு சுரண்டும், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் உருகும், தீயும் பிடிக்கும். இப்படிச் செய்தால் முன்னால் சொன்ன 140 வாட், காற்றோட்டத்தையும் சேர்த்து 60 வாட் அளவுக்கு வந்துவிடும். மாதக் கணக்கில் சொன்னால் கண்ணாடித் தொட்டி 80 யூனிட் கேட்கும் இடத்தில் இது 35 யூனிட்டோடு நிற்கும். நம் பில்லில் யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது என்பதால் பில்லில் வித்தியாசம் பாதியை விட அதிகமாகத் தெரியும். தச்சருக்குக் கொடுக்கும் காசு அதிலேயே திரும்பி வந்துவிடும்.

பெட்டி ஆன பிறகு 100 வாட் செரமிக் ஹீட்டர் ஒன்று. வெளிச்சம் தராது, இரவிலும் ஓடலாம், காற்றையும் சூடாக்கும். இது பல்ப் போலத் திருகிப் பொருத்துவது, ஆனால் சாதாரண பிளாஸ்டிக் ஹோல்டரில் போட்டால் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். நம் வீடுகளில் பாதி ஹோல்டர்கள் பின் மாதிரி, இது திருகு மாதிரி, வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும், பெட்டிக்குள் இருந்தால் சுற்றிக் கம்பி வலைக் கூடு கட்டாயம், வலையின் கண் பாம்பின் தலை நுழையாத அளவில். கூரையில் பொருத்துகிற ரேடியன்ட் பேனல் கிடைத்தால் அது இன்னும் நல்லது, மேற்பரப்பு அவ்வளவு கொதிக்காது, ஆனால் விலை அதிகம். பகலில் வெயில் மாதிரி ஒன்று கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் 50 வாட் ஹலோஜன் பகலுக்கு மட்டும். இருக்கிற மேட்டைத் தூக்கிப் போட வேண்டாம், சூட்டு முனையின் அடியில் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாமல் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு பல்ப் வேண்டாம். பாம்புக்கு அது தெரியாது என்பது பழைய நம்பிக்கை. தெரியும். இரவு இரவாக இருக்க வேண்டும். 'ஹொட் ரொக்' என்று விற்கிற செயற்கைக் கல்லையும் வாங்காதீர்கள். அடியில் சுட்டாலும் பாம்பு உடனே விலகாது, அதன்மேலேயே சுருண்டு கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகள் நிறைய.

சாப்பாட்டு விஷயம்: ஒரு மாதம் சாப்பிடாத போல் பைதனைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த இனம் ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை நின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பெட்டி சரியாகும் வரை நீங்களும் சாப்பாடு நீட்டாதீர்கள். குளிரில் விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றில் அழுகும், இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும், கக்கினால் அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் கொடுக்கக் கூடாது. வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கியே வைத்திருத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நானுஓயாவிலிருந்து பஸ்ஸில் போகும்போது துணிப்பையில் போட்டு, அதை ரிஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட் உண்மையிலேயே வேண்டுமா? ஹீட்டரை விட அது விலை கூட. நான் சூடு அதிகமானால் கழற்றிவிடுகிறேன், குறைந்தால் போடுகிறேன். கோழி முட்டை அடைகாக்கிற பெட்டிக்கு வைக்கிற கன்ட்ரோலர் வேலை செய்யுமா?
— ரியாஸ், ஹட்டன்

பதில்: வேண்டும். குறித்த சூடு வந்ததும் ஹீட்டரைத் தானாக நிறுத்தி, குறைந்தால் தானாகப் போடுகிற கருவி அது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டை வாங்கிவிட்டு ஹீட்டரை அடுத்த மாதம் வாங்குங்கள் என்பேன். நீங்கள் தூங்குகிற நேரத்தில் யார் கழற்றுவது? ஹட்டனில் காலையில் 15 டிகிரி இருக்கும் அறை மத்தியானம் வெயில் அடித்தால் 24க்கு வரும், காலையில் சரியாக இருந்த ஹீட்டர் மத்தியானம் பாம்பை அவித்துவிடும். பாம்பு குளிரை ஓரிரவு தாங்கும், 40 டிகிரியை ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காமல் போகலாம்.

கோழிப்பெட்டிக் கன்ட்ரோலர் நல்ல யோசனைதான். எஸ்டிசி-1000 போன்றவை எலக்ட்ரோனிக் கடைகளில் கிடைக்கும், 230 வோல்ட்டுக்கானதா என்று பார்த்து வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு மூடிய பெட்டிக்குள் வயர் பண்ணுங்கள். ஆனால் அது 'போடு, நிறுத்து' வகை. மேட்டுக்கும் செரமிக்குக்கும் போதும். வெளிச்சம் தருகிற ஹலோஜனை அதில் மாட்டினால் நாள் முழுக்க மின்னி மின்னி அணையும், பல்பும் சீக்கிரம் போய்விடும், அதற்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் வகை தெர்மோஸ்டாட்தான் சரி. செரமிக்குக்கென்றே விட்டு விட்டு மின்சாரம் கொடுக்கிற பல்ஸ் வகையும் உண்டு, சூடு இன்னும் சீராக நிற்கும், இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

இந்த மலிவுக் கன்ட்ரோலரில் உள்ள ஆபத்து வேறு. உள்ளே இருக்கும் ரிலே (ஹீட்டரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச்) தேய்ந்து ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்காமல் ஓடும், திரையில் எண் ஏறிக்கொண்டே போகும், பார்க்க ஆள் இருக்காது. அதனால் இரண்டை அடுத்தடுத்து மாட்டுங்கள். முதலாவது நீங்கள் விரும்பும் அளவுக்கு, இரண்டாவது அதைவிட மூன்று டிகிரி மேலே. முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது வெட்டிவிடும். இரண்டு சேர்ந்தாலும் கம்பெனித் தெர்மோஸ்டாட் ஒன்றை விட விலை குறைவாகத்தான் வரும்.

சென்சர் எங்கே என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மேட் என்றால் மேட்டுக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில் வையுங்கள், மரத்தூளுக்கு மேலே வைத்தால் மேலே 31 வருவதற்குள் அடியில் 40 ஆகியிருக்கும், தோண்டிக்கொண்டு போகிற பாம்பு அங்கேதான் படுக்கும். செரமிக் என்றால் சூட்டு முனையில், பாம்பின் முதுகு உயரத்தில், நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி. வயரை நன்றாகக் கிளிப் போட்டு இறுக்குங்கள், சென்சர் கழன்று குளிர் முனையில் விழுந்தால் கன்ட்ரோலர் பெட்டியை விடாமல் சூடாக்கும். கிளிப்தான், டேப் அல்ல. பெட்டிக்குள் ஒட்டும் டேப் எதுவும் இருக்கவே கூடாது, பாம்பு அதில் ஒட்டிக்கொண்டு தோலோடு பிய்த்துக்கொள்ளும்.

கேள்வி: கோர்ன் பாம்புக்கு இதெல்லாம் தேவையா?
— சசி, பதுளை

பதில்: பாதிகூடத் தேவையில்லை. பதுளை 680 மீட்டர்தான், உங்கள் அறை இருபதுக்குக் கீழே போவது அபூர்வமாக இருக்கும். கோர்ன் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்தது, அங்கே குளிர்காலமும் உண்டு. சூட்டு முனை 28 முதல் 30, குளிர் முனை 21 முதல் 24, இரவில் 20 வந்தாலும் கவலை இல்லை. தெர்மோஸ்டாட்டோடு ஒரு மேட், முடிந்தது. பதுளையில் மார்ச், ஏப்ரல் மத்தியானங்களில் பெட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. சொல்லப்போனால், மலையில் இருந்துகொண்டு முதல் பாம்பு வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் பைதனை விட்டுவிட்டு இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: அப்புத்தளையில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் மிஸ்ட் உள்ளே வருகிறது, துணி காய ஒரு வாரம் ஆகிறது. அப்படியிருக்க என் பைதன் சட்டை உரிக்கும்போது துண்டு துண்டாகக் கழன்று கண்ணில் ஒட்டிக்கொண்டது. ஈரம் போதவில்லை என்று ஒருவர் சொன்னார், நம்பவே முடியவில்லை. சரியா?
— டிலானி

பதில்: அவர் சொன்னது சரி தங்கச்சி. குளிர்ந்த காற்றால் கொஞ்ச ஈரத்தைத்தான் சுமக்க முடியும். 14 டிகிரியில் 90 வீதம் ஈரப்பதம் உள்ள மிஸ்ட் காற்றைப் பெட்டிக்குள் எடுத்து 28க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையாமலேயே அது 38 வீதமாகிவிடும். பைதனுக்கு 55க்கு மேல் வேண்டும். வெளியே எவ்வளவு குளிரோ, எவ்வளவு சூடாக்குகிறோமோ, அவ்வளவு வறட்சி. செரமிக் இதில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் காயவைக்கும்.

தண்ணீர்ப் பாத்திரத்தைப் பெரிதாக்கிக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் நகர்த்துங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரப் பாசி அல்லது நனைத்துப் பிழிந்த தும்பு போட்டு, சட்டை உரிக்கும் காலத்தில் (கண் நீலம் பாய்ந்தது முதல்) வையுங்கள், தானாகப் போய்ப் படுக்கும். கீழே போடுவதற்குத் தும்புத் தூள் நல்லது, மலிவு, ஈரம் பிடிக்கும். ஆனால் பெட்டியை நனைத்து ஊறவைக்காதீர்கள், ஈரத் தரையும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். கண்ணில் ஒட்டியதைக் கிள்ளி எடுக்க வேண்டாம். அடுத்த சட்டையோடு சேர்ந்து கழன்றுவிடும், கழலவில்லை என்றால் வைத்தியரிடம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் பார்சலில் அனுப்பியிருக்கிறார். பிளக் மட்டும் வேறு மாதிரி, அடாப்டர் வாங்கிப் போடலாமா?
— கே. பிரவீன், பண்டாரவளை

பதில்: போடாதீர்கள்! அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கனடாவில் 120 வோல்ட், நம்மிடம் 230. வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பானால் ஹீட்டரின் சக்தி ஏறக்குறைய நாலு மடங்காக ஏறும், 30 வாட் மேட் 110 வாட்டாகக் கொதித்துச் சில நிமிடத்தில் தீய்ந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம், ஆனால் இரவு பகலாக ஓட வேண்டிய சாமானுக்கு இடையில் இன்னொரு பெட்டி எதற்கு? அடுத்த முறை லண்டனில் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அங்கே நம்முடைய அதே 230 வோல்ட், அதே மூன்று சதுரப் பின் பிளக். மாமாவிடம் நன்றி சொல்லிவிட்டு, வேறு ஏதாவது கேளுங்கள்.

கேள்வி: மகன் ஏ.எல். படிக்கிறான், பாம்பு வளர்க்கிறான், எனக்கு அந்தப் பக்கம் போகவே பயம். அதை விடுங்கள். நானும் அவன் அப்பாவும் காலையில் மலைக்குப் போய்விடுவோம், அவன் ஸ்கூலுக்குப் போய்விடுவான், ஹீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் இருப்பது லயத்து வீடு, எட்டுக் குடும்பம் ஒரே கூரை. தீப் பிடித்தால்? அவனிடம் கேட்டால் 'ஒன்றும் ஆகாது அம்மா' என்கிறான்.
— ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அக்கா, நீங்கள் கேட்டதுதான் இந்த வாரத்தின் நல்ல கேள்வி. 'ஒன்றும் ஆகாது' என்பது பதில் இல்லை, மகனிடம் கீழே சொல்வதை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஹீட்டர் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கிறதா, அல்லது டிவி, ஃபோன் சார்ஜர், கேத்தல் எல்லாம் மாட்டிய எக்ஸ்டென்ஷன் கோடில் தொங்குகிறதா? கோட் என்றால் உடனே மாற்ற வேண்டும். தீப் பிடிக்கிற கதைகளில் பெரும்பாலும் ஹீட்டர் குற்றவாளியாக இருக்காது, தளர்ந்த பிளக்கும் மெல்லிய வயரும்தான் இருக்கும். பத்து நிமிடம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுட்டால் அந்த சொக்கட் மாற வேண்டும். மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா? பழைய லயங்களில் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் ஓடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, உங்கள் வீடு அப்படி என்றால் செரமிக் ஹீட்டரே வேண்டாம், மேட் மட்டும், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போகும் வயர் கீழே வளைந்து பிறகு மேலே ஏறி பிளக்குக்குப் போக வேண்டும், அப்போது சொட்டுகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. திரைச்சீலை, ஜேர்சி, பாடப்புத்தகம் எதுவும் பெட்டிக்கு மேலே போடக் கூடாது, பையன்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு.

இன்னொன்று. அடுப்படி சூடாக இருக்கிறது என்று அவன் பெட்டியை அங்கே கொண்டுவந்தால் விடாதீர்கள், உங்களுக்காக அல்ல, பாம்புக்காக. விறகுப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது. நுளம்புச் சுருளும் அப்படித்தான், பாம்பு இருக்கும் அறையில் கொளுத்தவே வேண்டாம்.

கேள்வி: கரண்ட் போனால் என்ன செய்வது? 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்கள். 2025இல் தித்வா புயலின்போது எங்களுக்குக் கரண்ட் வர நாட்கணக்கில் ஆனது.
— எம். யோகராஜா, மஸ்கெலியா

பதில்: முதல் விஷயம், கடைசியாக எப்போது சாப்பிட்டது? வயிறு காலியான, ஆரோக்கியமான பெரிய பாம்பு 17, 18 டிகிரியில் ஓரிரவு மந்தமாகக் கிடந்து எழுந்துவிடும். சாப்பிட்டு இரண்டு நாள் ஆகாத பாம்புதான் ஆபத்தில் இருக்கிறது. அதனால் புயல் எச்சரிக்கை வந்தால், கடும் மழை என்று ரேடியோவில் சொன்னால், அந்த வாரம் சாப்பாடு இல்லை. இந்த ஒரு பழக்கம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும், காசும் செலவில்லை.

கரண்ட் போனவுடன் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், கம்பளியால் மூடுங்கள், மூடும் முன் ஹீட்டரின் சுவிட்சை நிறுத்துங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால் நடுராத்திரியில் கரண்ட் திரும்பி வரும், கம்பளிக்குள் செரமிக் கொதிக்கும். ரிஜிபோம் ஒட்டிய பெட்டி என்றால் சூடு மெதுவாகத்தான் இறங்கும், கண்ணாடித் தொட்டி சீக்கிரமே அறையின் அளவுக்கு வந்துவிடும். பிறகு சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், போத்தல் சுருங்கிவிடும்), துவாயில் சுற்றி ஒரு முனையில் வையுங்கள், மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காஸ் அடுப்பு இருந்தால் ஃபிளாஸ்கில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். நாள் கணக்கில் இழுத்தால் பாம்பைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, ரிஜிபோம் மீன் பெட்டியில் இரண்டு போத்தலோடு வைப்பது பெரிய பெட்டியைச் சூடாக்குவதை விட லேசு. மூடியில் காற்றுக்கு இரண்டு மூன்று ஓட்டை போட மறக்காதீர்கள்.

பேட்டரி வாங்க முடிந்தால்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதாவது 600 வாட்-மணி. 50 வாட் மேட் ஒன்றை இன்வர்ட்டர் வழியாக ஓட்டினால் பத்து மணித்தியாலத்துக்கு நெருக்கமாக வரும், தெர்மோஸ்டாட் இடையில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் இன்னும் கூட. கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் போதாது, அரை மணித்தியாலத்தில் கத்த ஆரம்பித்துவிடும்.

கரிச்சட்டியையும் மண்ணெண்ணெய் ஹீட்டரையும் மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, பாம்பு மட்டுமல்ல, அந்த அறையில் தூங்குகிறவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கேரட் பாத்தி கொத்தும்போது ஒரு சாண் நீளத்தில் கறுப்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. குளிரில் சாகாமல் இருக்கப் போத்தலில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். என்ன ஹீட்டர் வாங்கலாம்?
— பெயர் வேண்டாம், ராகலை

பதில்: ஹீட்டர் வேண்டாம், போத்தலும் வேண்டாம். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது பெரும்பாலும் அஸ்பிடியூரா இனத்துப் பாம்பு. விஷமில்லாதது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது, மண்புழு தின்று மலைநாட்டுக் குளிர் மண்ணுக்குள் வாழ்வது. அதற்கு உங்கள் அடுப்பு மேடைதான் கொலைக்களம். நம் ஊர்ப் பாம்புகள் அனேகமாக எல்லாமே 1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன, பிடித்து வைத்திருப்பதே குற்றம், விஷம் இல்லாததாக இருந்தாலும் சரி. வெளிநாட்டு இனம் என்றாலும் இறக்குமதிக்கு அனுமதி வேண்டும், பைதன்களுக்கு சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பத்திரமும் வேண்டும், மேலே எழுதிய தினேஷ் அதை எடுத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று, படம் அனுப்பாமல் நானும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதே பாத்திகளிலும் தேயிலை அடியிலும் முக்கோணத் தலையும் மேலே தூக்கிய மூக்குமாக ஒரு குட்டை விரியன் இருக்கிறது, அது கடித்தால் சிறுநீரகம் பழுதாகலாம், இங்கே கொடுக்கிற விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. அதனால் கையால் எடுத்துப் பார்க்க வேண்டாம். தலை அப்படி இருந்தால் போத்தலை மூடியபடியே வைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். மெல்லிய உடம்பும் கழுத்தே தெரியாத சின்னத் தலையுமாக இருந்தால், இன்றைக்கே போத்தலை, பாம்பு கிடைத்த பாத்திக்குப் பக்கத்தில் வேலியோரத்துச் சருகில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தானாக இறங்கிப் போகும்.